நீலம் ஜாஸ்தியான கண்ணன்

முதலில் வேட்டியில்தான் ஆரம்பித்தது. என் கணவர் குளித்துவிட்டு வந்து, துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைப் பிரிப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் பார்ப்பார். "என்ன டீச்சர், வேட்டி பழுத்துப் போச்சே. சொட்டு நீலம் போடறதில்லயா?" என்பார்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணாமலை அடிவாரத்தில் இருக்கும் வேங்கிக்காலில் எங்கள் தெருவே என்னை டீச்சர் என்று கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். வேட்டியைப் பற்றி அவர் சொன்னதும் அடுத்த தடவை நீலத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டு அலசினேன். அப்போதும் மஞ்சள் என்றார். இன்னும் கொஞ்சம் விட்டேன். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என் நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அண்ணன் ஏன் நீல வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று என் காதில் கேட்டாள். பந்தல் விளக்கு வெளிச்சத்தில் வேட்டி காலை நேரத்து வானம் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயசான காலத்தில் மனுஷனுக்கு வெள்ளை மேல் ஒரு வெறி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அவர் கோபுரங்களில் இருக்கும் சுதை உருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர். கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்த்துவிட்டால் கோயில்காரர்கள் தேடி வந்து கூப்பிடுவார்கள். சாரம் கட்டியதும் ஏறினால் வேலை முடிகிறவரை அதே நினைப்புதான். மாவட்டத்தில் எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் ஜன்னல் வழியே ஏதாவது ஒரு கோபுரத்தைக் காட்டி, இது நம்ம கை என்று சொல்வார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். பெருமை அடித்துக்கொள்வது பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாது.

கல்யாணமான புதிதில் அவரிடம் ஒன்று கேட்டேன். கருவறையில் கருப்பாக நிற்கிற பெருமாள் கோபுரத்துக்கு ஏறியதும் ஏன் நீலமாகிவிடுகிறார்? பதிலையும் நானே சொன்னேன். கருமை, நீலம், பச்சை மூன்றையும் நம் ஆட்கள் வெகுகாலமாக ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லி வந்திருக்கிறார்கள், இருண்ட மேகமும் ஆழமான தண்ணீரும் அவர்களுக்கு ஒரே நிறம்தான் என்று வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, கருப்பை மேலே ஏற்றினால் வெயிலில் மூக்கும் வாயும் கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது, நீலத்தில்தான் நிழல் விழும் என்று தன் பங்குக்குச் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டோம்.

அவரிடம் ஒரே ஒரு நீலம் இருந்ததில்லை. பெருமாளுக்கு மழைக்கு முந்தைய மேகத்தின் நீலம். குழந்தைக் கண்ணனுக்கு அதிலேயே பால் கலந்த மாதிரி ஒன்று. காளிக்கு, பார்த்தால் கருப்பு என்று நினைத்து, இன்னொரு தடவை பார்த்தால் நீலம் என்று தெரிகிற ஒன்று. சிவன் கழுத்தில் விஷம் நின்ற இடத்துக்கு ஒரு விரல் அகலம்தான் நீலம் வேண்டும். அதற்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். ஜாஸ்தியானால் அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி இருக்குமாம், கம்மியானால் அழுக்கு மாதிரி இருக்குமாம்.

இப்படிப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பெயிண்ட் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தார். அப்போது அடி அண்ணாமலைக்கு அப்பால், வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் வேலை நடந்துகொண்டிருந்தது. வாங்கி வந்த நீலம் கலப்படம், சுவரில் அடித்தால் சாம்பலாகத் தெரிகிறது என்று கடைக்காரரிடம் கத்தியிருக்கிறார். கடைக்காரர் அவருக்குப் பழைய நண்பர். ஒன்றும் பேசாமல் வேறு டின் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதுவும் சரியில்லை என்று வீட்டில் வந்து என்னிடம் புலம்பினார். இந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியும் நீலத்தை நீலமாகச் செய்வதில்லை என்றார். நான் ரசத்தைக் கொதிக்க விட்டபடி ஆமாம் போட்டேன்.

அதற்கு மறுவாரம் அவருடைய கூட்டாளி வீட்டுக்கு வந்தார். நாற்பதைத் தாண்டியவர். பல வருஷமாக இவருடன் சாரம் ஏறுகிறவர். வண்ணம் கலந்து கொடுப்பதும் பெரிய பரப்புகளை நிரப்புவதும் அவர் வேலை. முகம், கை, நகை எல்லாம் இவர் வேலை. இவர் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, சொல்றதா வேணாமானு தெரியல. அண்ணனுக்கு நீலம் தெரியமாட்டுது."

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. நாற்பது வருஷமாகக் கோபுரம் தீட்டுகிறவரைப் பார்த்து என்ன பேச்சு இது என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கலந்து கொடுக்கும் நீலம் எதுவும் போதவில்லை என்று அண்ணன் தானே டின்னைச் சாய்த்து ஊற்றிக்கொள்கிறாராம். பெருமாள் முகம் கண்ணைக் குத்துகிற மாதிரி ஆகிவிட்டதாம். தர்மகர்த்தா பார்த்துவிட்டு முகம் சுளித்திருக்கிறார், ஆனால் மரியாதைக்காக எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணன் இறங்கிப் போன பிறகு கூட்டாளி மறுபடி ஏறி, அதன் மேல் மெல்லிசாக வேறு நீலத்தைப் பூசிச் சரிசெய்து வந்திருக்கிறார். மறுநாள் காலையில் அண்ணன் பார்த்துவிட்டு, ஒரே நாளில் வெளுத்துவிட்டதே என்று திரும்பவும் பெயிண்ட் கடைக்காரரைத் திட்டுவாராம்.

"எனக்கு மனசு ஒப்பல அண்ணி. திருடறமாரி இருக்குது" என்றார்.

அன்றைக்கே கூட்டாளியின் வண்டியில் ஏறிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இவர் வேறு ஒரு ஊரில் கோயில் பார்க்கப் போயிருந்தார். சாரத்தின் மூங்கில்களுக்கு நடுவே கோபுரம் தெரிந்தது. பெருமாளின் முகமும் மார்பும் மென்மையாக இருந்தன. அவை கூட்டாளி கைவைத்த இடங்கள். ஓரத்தில், வெண்ணெய்ப் பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தைக் கண்ணனை அவர் இன்னும் தொடவில்லை. பிளாஸ்டிக் குடம் இருக்குமே, கடையில் வாசலில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த நீலத்தில் இருந்தான் குழந்தை. வெயில் பட்டுப் பளபளத்தான். இது யாரோ ஒருவர் கை. என் வீட்டுக்காரர் கை இல்லை.

வீட்டுக்கு வந்தும் நம்ப மனம் வரவில்லை. மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் காம்பவுண்டு கம்பியில் சங்குப்பூக்கொடி ஏறியிருக்கிறது. அந்தச் சமயம் நன்றாகப் பூத்திருந்தது. கருநீலப் பூக்கள் கொடி முழுக்க. இவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த வருஷம் சங்குப்பூ ஏன் பூக்கவே இல்ல? வெறும் எலையா இருக்குது."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்து போய் ஒரு பூவைப் பறித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். இதழைத் தடவிப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார். நான் கூட்டாளி வந்து சொன்னதைச் சொன்னேன். கோபுரத்தைப் பார்த்ததைச் சொன்னேன். கல்யாண வீட்டில் நாத்தனார் கேட்டதையும் சொன்னேன்.

கண்ணைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "நான் எறங்கினப்புறம் அவன் ஏறினானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கடக்காரனுக்கும் தெரியும். தர்மகர்த்தாவுக்கும் தெரியும். எல்லாருமா சேந்து என்ன ஏமாத்தினு இருந்தீங்க." நானும் நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அன்றும் மறுநாளும் வேலைக்குப் போகவில்லை. கூட்டாளி போன் செய்தபோது எடுக்கவில்லை. எனக்கு அந்த மனிதரை நினைத்தும் பாவமாக இருந்தது, இவரை நினைத்தும் பாவமாக இருந்தது. இவர் மானத்தைக் காப்பாற்றப் போய் அவர் திருடனைப் போல ஆகிவிட்டாரே என்றிருந்தது. மூன்றாம் நாள் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் இளம்பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வருஷக்கணக்கில் மெதுவாகப் பழுத்து, காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டதாம். அந்தப் பழுப்பு வழியாக உலகத்தைப் பார்க்கும்போது முதலில் அடிபடுவது நீலம்தானாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் குறைவதே தெரியாதாம். வெள்ளை மஞ்சளாகத் தெரியும், நீலம் கருப்பாகவோ சாம்பலாகவோ தெரியும் என்றார். எனக்கு வேட்டிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என் கை சரியாத்தான் இருக்குதுங்களா?" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. "கையில என்ன பிரச்சனை?" என்று கேட்டார். நான் இவர் தொழிலைச் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, கை நன்றாகவே இருக்கிறது, அதற்குப் போய்ச் சேர வேண்டிய செய்திதான் தப்பாகப் போயிருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். இவர் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது.

வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் செய்தார்கள். இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்து என்றார்கள். மறுநாள் காலை வலது கண் கட்டைப் பிரித்து, சொட்டு மருந்து விட்டு, கருப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் இவர் கண்ணாடியை மெல்ல நெற்றிக்கு ஏற்றினார். வெயில், கழற்றாதீர்கள் என்றேன். காதில் வாங்கவில்லை. எதிரே ஒரு ஜூஸ் கடைக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கிழிந்து, தூசு படிந்து, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்த தார்ப்பாய். அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். கோயில் மூலவரைக்கூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. ஒரு கண்ணை மூடினார். திறந்து இன்னொரு கண்ணை மூடினார்.

"டீச்சர், இந்தக் கண்ல ஒரு ஊரு தெரியுது, அந்தக் கண்ல வேற ஊரு தெரியுது" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். என் புடவை முந்தானையைப் பிடித்து, இது நீலமா என்று கேட்டார். ஆமாம், போன தீபாவளிக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்ததுதானே என்றேன். சாம்பல் நிறம், அடக்கமாக இருக்கிறது என்று நினைத்து எடுத்தாராம். ராமர் நீலத்தில் ஜரிகை போட்ட அந்தப் புடவையை, இந்த வயசில் ஏன் இவ்வளவு பளிச்சென்று எடுத்திருக்கிறார், ஆசையாக எடுத்திருக்கிறார் போல என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று இருவரும் சிரித்தோம். சிரித்தால் கண்ணுக்கு ஆகாது என்று நானே அவரை அதட்டினேன்.

ஆட்டோவில் வரும்போது மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மழைக்காலம் முடிந்த சமயம். தூரத்து வெயிலில் மலை மேல்பாதி லேசாக நீலம் பூசி நின்றது. பிறந்ததிலிருந்து அதன் அடியிலேயே இருக்கிறோம், ஆனால் வீட்டு வாசற்படியை எப்போது பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாத மாதிரிதான் அதுவும். அன்றைக்கு அவர் பார்த்ததால் நானும் பார்த்தேன்.

சாரம் ஏறக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கும்பாபிஷேகமோ நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டாளி தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. இவர் பத்து நாள் போலப் பொறுத்துப் பார்த்தார். பிறகு கோபுரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார். கூட்டிக்கொண்டு போனேன்.

வரப்பு மேல் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பழைய கண்ணால் பார்த்தார், புதுக் கண்ணால் பார்த்தார். கூட்டாளி சாரத்திலிருந்து இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். நான் வரப்பில் இருந்த அருகம்புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கைவெச்ச எடம்லாம் நல்லா இருக்குதுடா. வெக்காம வுட்ட எடம்தான் கேவலமா இருக்குது" என்றார் இவர்.

கூட்டாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் இருந்த துண்டால் துடைத்தார். "சொல்லியிருக்கலாமேடா எங்கிட்ட" என்று இவர் மறுபடி சொன்னார். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை அண்ணா என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாளிலிருந்து இவர் எதிரில் இருந்த வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்ணம் கலந்து கொடுத்தார். கூட்டாளி மேலே ஏறித் தீட்டினார். காலம்காலமாக இருந்த வேலை தலைகீழாக மாறிப்போனது. முகங்களைத் தீட்டும்போது கூட்டாளி முதலில் ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே இவரைப் பார்த்தார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். இவர் நீலத்தைக் குச்சியில் தொட்டு, மலைக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக அந்தக் குழந்தைக் கண்ணன் மட்டும் மிச்சம். அவனைத் தீட்ட ஏணியை நகர்த்தியபோதுதான் ஒரு அம்மா வந்தார். கோயிலை ஒட்டிய நிலம் அவர் குடும்பத்துடையது. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் கம்பங்கூழ் விற்பார். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். தினமும் சாயங்காலம் வந்து கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவதை நானும் கவனித்திருக்கிறேன்.

"ஐயா, அந்தக் கொழந்தய மட்டும் வுட்டுடுங்க" என்றார். "இந்தக் கோபுரத்துல எனக்குத் தெரியறது அது ஒண்ணுதான். மத்த சாமிலாம் மங்கலா கீது."

இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பக்கத்தில் கிணற்று மேட்டில் ஒரு தண்ணீர்க் குடம் இருந்தது. அது என்ன நிறம் என்று அந்த அம்மாவிடம் கேட்டார். பச்சையோ கருப்போ, எதற்குக் கேட்கிறீர்கள் என்றார் அவர். குடம் நீலம்.

இவர் தன் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். தனக்கு என்ன ஆனது என்று முதலிலிருந்து சொன்னார். வேட்டிக் கதையைக்கூட விடவில்லை. மற்றவர்கள் மறைத்த விஷயத்தை அவர் தானே வெளியில் ஒருவரிடம் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த அம்மா பயந்துவிட்டார். கண்ணில் கத்தி வைக்க மாட்டேன், இருக்கிற பார்வை போதும் என்றார். இவர் வற்புறுத்தவில்லை. மேலே பார்த்து, கண்ணன் அப்படியே இருக்கட்டும், ஏணியை எடு என்று கூட்டாளியிடம் சொன்னார். கூட்டாளி என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன்.

தர்மகர்த்தா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாச் சாமியும் அழகாக இருக்கும்போது ஒன்று மட்டும் இப்படிக் கண்ணைப் பறித்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். இவர், யாராவது கேட்டால் நான் தீட்டினது என்று என் பெயரைச் சொல்லுங்கள் என்றார். கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்தது. புனித நீர் தெளித்தபோது கூட்டத்தில் அந்த அம்மாவும் இருந்தார். கண்ணனைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சாரத்தைப் பிரித்தார்கள்.

இவருடைய இடது கண்ணும் சரியானது. இனிமேல் அந்தப் பழைய ஊரைப் பார்க்க முடியாது என்று ஒரு நாள் சொன்னார். எல்லாமே சாயங்கால வெயில் மாதிரி, கொஞ்சம் இதமாகத்தான் இருந்ததாம் அது. இழந்துவிட்ட வருத்தம் மாதிரிகூட இருந்தது எனக்கு. அது எப்படி இருந்திருக்கும் என்று நான் மஞ்சள் கண்ணாடித்தாளைக் கண்ணில் வைத்து வாசலைப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

கோயில் வேலை முடிந்த பிறகும் இவர் அந்த அம்மாவை விடவில்லை. பௌர்ணமிதோறும் கூழ் குடிக்கப் போய், குடித்துக்கொண்டே எதிர்க்கடை தார்ப்பாய் என்ன நிறம், போகிறவர் சட்டை என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த அம்மாவுக்குப் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள், டீச்சரம்மா கூட வந்தால் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றார். நான் கூடப் போனேன். ஆபரேஷன் அறை வாசல்வரை என் கையை நசுக்கிப் பிடித்திருந்தார்.

ஆபரேஷன் முடிந்து அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தபோது நாங்களும் போயிருந்தோம். அந்த அம்மா கோபுரத்தை அடியிலிருந்து மேலே ஒவ்வொரு சாமியாகப் பார்த்தார். பெருமாளைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணனிடம் வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"யாருய்யா இது, கொழந்தைக்கு இம்மாம் நீலத்த பூசி வெச்சிகீறது?"

"நான்தாம்மா" என்றார் இவர்.

அந்த அம்மா இவரைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். சரி, வயக்காட்டுக் கோடியிலிருந்தும் தெரிகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கூழ்ப்பானையைக் கழுவப் போய்விட்டார். அடுத்த கும்பாபிஷேகம்வரை அவன் அப்படித்தான் இருக்க வேண்டும். இவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது மற்றவற்றைப் போலவே அதையும் நம்ம கை என்றுதான் காட்டுகிறார்.

இப்போது போளூர் பக்கம் ஒரு அம்மன் கோயிலில் வேலை நடக்கிறது. கூட்டாளியும் இவரும் ஒரே சாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தீட்டுகிறார்கள். நிறத்தில் சந்தேகம் வந்தால் மற்றவர் இறங்கிப் போகிறவரை யாரும் காத்திருப்பதில்லை. அங்கேயே நின்று, கீழே பூ விற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி, ஜாஸ்தி, கம்மி என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.